ரோம் ஆண்ட ஊர்கள் – 9: எண்ணெய் கட்டிய நகரம்

சென்ற வாரம் பார்த்த டிம்காட், பட்டாளத்துக்காரர்களுக்காகப் பட்டாளத்துக்காரர்களே அளவுக்கயிறு பிடித்துக் கட்டிய ஊர். கி.பி. 100இல் பேரரசர் டிராஜன் ஆணையிட்டார், மூன்றாம் அகஸ்டா படைப்பிரிவு மண்ணைத் தோண்டியது, சதுரங்கப் பலகைபோல ஒரு நகரம் எழுந்து நின்றது. இந்த வாரம் பார்க்கப்போகும் ஊர் வேறு ரகம். லெப்டிஸ் மாக்னாவை ரோம் நிறுவவில்லை. ரோமின் கை அங்கே எட்டியபோது ஊருக்கு ஏறக்குறைய ஆறு நூற்றாண்டு வயதாகியிருந்தது.

இன்றைய லிபியாவின் கடற்கரையில், திரிப்போலியிலிருந்து கிழக்கே சுமார் 120 கிலோமீட்டர் போனால் அல்-கும்ஸ் என்ற ஊர் வரும். அதை ஒட்டித்தான் லெப்டிஸின் இடிபாடுகள் கிடக்கின்றன. பினீசியக் கப்பல்காரர்கள் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் வாடி லெப்டா என்ற காட்டாற்றின் வாயில் நங்கூரமிட்டதுதான் தொடக்கம். பிறகு கார்த்தேஜின் பிடி, அதன் பிறகு நுமிதிய மன்னர்களின் நிழல். மக்கள் பேசியது பியூனிக் மொழி. ஊரை நிர்வகித்தவர்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு சுஃபேத்துகள். கோயிலில் இருந்த தெய்வங்கள் ஷத்ரபாவும் மில்காஷ்டார்ட்டும்.

இப்படிப்பட்ட ஊர் இரண்டு தலைமுறைக்குள் ரோமானிய நகரம்போல உருமாறிவிட்டது. மாற்றியது யார், காசு யாருடையது? லெப்டிஸின் கட்டடங்கள் இந்தக் கேள்விக்கு வாய்விட்டே பதில் சொல்கின்றன. கட்டியவர் பெயர், அப்பன் பெயர், பதவி, செலவு எவருடையது என்று நிலைப்படிக்கு நிலைப்படி வெட்டி வைத்திருக்கிறார்கள். ரோமானிய உலகில் இவ்வளவு தெளிவாகக் கணக்கு ஒப்புவிக்கும் ஊர்கள் அதிகமில்லை.

முதலில் எண்ணெய்.

கி.மு. 46இல் ஜூலியஸ் சீசர் ஆப்பிரிக்காவில் தன் எதிரிகளை முறியடித்தார். நுமிதிய மன்னர் ஜூபாவின் பக்கம் சாய்ந்து ஆயுதமும் பணமும் கொடுத்த குற்றத்துக்காக லெப்டிஸின்மேல் அவர் ஓர் அபராதம் விதித்தார்: ஆண்டுக்கு 30 லட்சம் ராத்தல் ஆலிவ் எண்ணெய். இன்றைய கணக்கில் சுமார் 10 லட்சம் கிலோ. இதே பெயரில் துனிசியக் கரையில் இன்னொரு சிற்றூர் இருந்ததால், அபராதம் எந்த லெப்டிஸுக்கு என்ற வழக்கு ஆய்வாளர்களிடையே உண்டு. அந்தச் சிற்றூரால் தாங்கக்கூடிய தொகை இல்லை என்பதால் பலரும் பெரிய லெப்டிஸையே காட்டுகிறார்கள். மனத்தில் நிற்கவேண்டியது, இப்படி ஒரு தண்டம் விழுந்தும் ஊர் நொடித்துப்போகவில்லை என்பது. ஐம்பது ஆண்டுக்குள் சந்தையும் அரங்கும் கட்டுமளவுக்கு அங்கே பணம் புரண்டது.

அந்தப் பணம் தெற்கே மேட்டு நிலத்திலிருந்து வந்தது. கடற்கரையிலிருந்து உள்ளே போனால் தர்ஹுனா மேடு. மழை கொஞ்சம்தான் என்றாலும் ஆலிவ் மரத்துக்கு அது போதும். அங்கே இன்றும் வயல்வெளிகளில் இரண்டு நெடுங்கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்த அமைப்புகள் ஆங்காங்கே நிற்கின்றன. 1890களில் அந்தப் பக்கம் சுற்றிய கௌப்பர் என்ற ஆங்கிலேயர் இவற்றைப் பார்த்து மெய்சிலிர்த்துப்போய், வரலாற்றுக்கு முந்தைய மக்களின் வழிபாட்டுச் சின்னங்கள் என்று 1897இல் ஒரு புத்தகமே போட்டுவிட்டார். உண்மையில் அவை எண்ணெய் பிழியும் பொறியின் சட்டங்கள். பெரிய மரநெம்புகோலின் ஒரு முனை மேலே எகிறாமல் பிடித்து நிறுத்த அந்தக் கல்சட்டம் தேவைப்பட்டது. செனம் செமானா என்ற ஒரே இடத்தில் 17 பிழிபொறிகளின் தடம் இருக்கிறது. குடியானவர் வீட்டுச் செக்கு இத்தனை இருக்காது, இது ஆலை. இதன் உரிமையாளர்கள் நகரத்தில் மாளிகை கட்டி வாழ்ந்தார்கள்.

மேட்டிலிருந்து துறைமுகத்துக்குச் சாலையும் வந்தது. கி.பி. 15–17இல் ஆளுநராக இருந்த ஏலியஸ் லாமியா, லெப்டிஸிலிருந்து உள்நாட்டுக்கு 44 ரோமானிய மைல் நீளத்துக்குச் சாலை போட்டதாக ஒரு கல் சொல்கிறது. ஏறக்குறைய 65 கிலோமீட்டர். படை நடக்கப் போட்ட சாலையாகவே இருக்கட்டும். எண்ணெயும் அதன் மேல்தான் இறங்கியது.

இனி கட்டடங்களுக்கு வருவோம். கி.மு. 8இல் அன்னோபால் தபாபியஸ் ரூஃபஸ் என்பவர் ஊருக்கு ஒரு சந்தை கட்டிக் கொடுத்தார். ஹிமில்கோவின் மகன். பெயரிலேயே ஆள் தெரிகிறார்: அன்னோபால் பியூனிக், ரூஃபஸ் லத்தீன், நடுவில் குடும்பப் பெயர். ரோமானியக் குடியுரிமை கிடைத்தவராகத் தெரியவில்லை. சுஃபேத் பதவி வகித்த, அகஸ்டஸ் வழிபாட்டுக்குப் பூசாரியான உள்ளூர்ப் பெரிய வீட்டுக்காரர். சந்தை என்றால் சுற்றிலும் தூண் வரிசை, நடுவில் இரண்டு வட்ட மண்டபங்கள், அவற்றில் கல் மேசைகள்.

அந்தச் சந்தையில் கிடைத்த ஒரு பொருளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு கற்பலகை. அதன் மேல் மூன்று நீள அளவுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று பியூனிக் முழம், 51.5 சென்டிமீட்டர். இன்னொன்று ரோமானிய அடி, ஏறக்குறைய 29.5 சென்டிமீட்டர். மூன்றாவது எகிப்தின் டாலமி மன்னர்கள் காலத்து முழம், 52.5 சென்டிமீட்டர். அலெக்சாண்டிரியாவிலிருந்து வந்த துணி வியாபாரி தன் ஊர் முழத்தில் விலை சொல்வான். லெப்டிஸ்காரர் தன் முழத்தில் மனக்கணக்குப் போடுவார். இரண்டு முழத்துக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சென்டிமீட்டர். நூறு முழம் வாங்கினால் ஒரு மீட்டர் துணி யாரோ ஒருவர் கையைவிட்டுப் போகும். வாய்ச்சண்டை முற்றுவதற்குள் இருவரும் அந்தக் கல்லருகே போய்த் துணியை விரித்து அளந்துகொள்ளலாம். ரோம் ஆண்டது என்றாலும் ரோமானிய அளவு ஒன்றே செல்லும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இந்த ஒரு பலகை, துறைமுக நகரத்தின் குணத்தை எந்த வெற்றி வளைவைவிடவும் நன்றாகக் காட்டுகிறது என்பது இந்தத் தொடரின் தரப்பு.

அன்னோபால் சந்தையோடு நிற்கவில்லை. கி.பி. 1–2இல் நாடக அரங்கையும் அவரே கட்டினார். வாசல்களுக்கு மேல் வெட்டியிருக்கும் கல்வெட்டு இரு மொழியில் இருக்கிறது. மேலே லத்தீன்: அகஸ்டஸின் பட்டங்கள் வரிசையாக வந்து, பிறகு அன்னோபால், அவர் ஊருக்கு அணி சேர்ப்பவர், ஒற்றுமையை நேசிப்பவர், சொந்தப் பணத்தில் கட்டித் திறந்து வைத்தார். கீழே பியூனிக்: அதில் அகஸ்டஸ் கிடையாது, நேரே அன்னோபாலில் தொடங்குகிறது. லத்தீன் படிக்கத் தெரிந்த ஆளுநருக்குச் சொல்லவேண்டியதை மேலேயும், ஊர்க்காரருக்குச் சொல்லவேண்டியதைக் கீழேயும் சொல்லிவிட்டார். கெட்டிக்காரர்.

ஒரு வீட்டுக்காரர் இப்படி உபயம் செய்தால் அடுத்த வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? கி.பி. 11–12இல் இத்திபால் கஃபாதா எமிலியஸ் என்பவர் பிரதான சாலையை ஒட்டித் தூண்கள் தாங்கிய ஒரு நீண்ட வணிக மண்டபம் கட்டினார். கி.பி. 14–19க்குள் பொதுச் சதுக்கமான பழைய ஃபோரத்தில் ரோமுக்கும் அகஸ்டஸுக்கும் கோயில் எழுந்தது. பேரரசர் குடும்பத்தில் யார் யாருக்குச் சிலை என்று அதில் பட்டியல் இருக்கிறது; பட்டியலோ பியூனிக் மொழியில். கி.பி. 35–36இல் அன்னோபால் ரூஸோ என்பவரின் மகள் சுஃபுனிபால், நாடக அரங்கின் பார்வையாளர் படிகளுக்கு உச்சியில், அரங்கு முழுவதும் அண்ணாந்து பார்க்கும் இடத்தில், கெரெஸ் தேவிக்குக் கோயில் எடுத்தார். கல்வெட்டில் அவருக்கும் 'ஊருக்கு அணி சேர்ப்பவர்' என்ற அதே பட்டம்தான். இடத்தேர்வைக் கவனியுங்கள். தபாபியஸ் வீட்டார் கட்டிய அரங்கில் யார் உட்கார்ந்தாலும் சுஃபுனிபால் கட்டிய கோயிலின் காலடியில்தான் உட்கார்ந்தாகவேண்டும்.

எல்லாமே கைக்காசு என்று நினைத்துவிடக் கூடாது. அதே 35–36இல் ஆளுநர் ருபெல்லியஸ் பிளாண்டஸ் ஊரின் தெருக்கள் எல்லாவற்றுக்கும் கல் பாவினார். எங்கிருந்து பணம்? லெப்டிஸ்காரர்களுக்கு மீட்டுக் கொடுக்கப்பட்ட நிலங்களின் வருமானத்திலிருந்து என்று கல்வெட்டு சொல்கிறது. அதாவது ஊர்ப்பொதுப் பணம். தெருவுக்குக் கல் பாவுவதில் பெரிய வீட்டுக்காரர்களுக்கு அவ்வளவு ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. பெயர் தெரிகிற இடத்தில்தான் காசு போடுவார்கள். தெருக்கல்லில் பெயர் வெட்டினால் யார் கண்ணில் படும்?

ஊர் எந்தப் பக்கம் வளர்ந்தது என்பதும் இந்த வரிசையிலேயே தெரிகிறது. கடலோரப் பழைய ஃபோரத்திலிருந்து பிரதான சாலை தென்மேற்கே, உள்நாட்டை நோக்கி நீண்டது. சந்தை, வணிக மண்டபம், அரங்கு எல்லாம் அந்தச் சாலையின் மேற்கே ஒன்றன்பின் ஒன்றாக இடம்பிடித்தன. டிம்காட்டில் ஒரே நாளில் கோடு போட்டு முடித்தார்கள். இங்கே ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு ஒரு துண்டு ஒட்டியது. அதனால்தான் தெருக்கள் ஓரிடத்தில் நேராகவும் இன்னோரிடத்தில் லேசாகக் கோணியும் போகின்றன.

கி.பி. 56இல் நீரோ காலத்தில், ஊருக்குக் கிழக்கே கல் வெட்டி எடுத்த ஒரு பழைய குழியையே வட்ட அரங்காக மாற்றினார்கள். சுமார் 16,000 பேர் உட்காரலாம். மேலே எழுப்பிக் கட்டுவதற்குப் பதில் கீழே இறக்கி வெட்டிவிட்டதால் செலவு மிச்சம். அருகிலேயே கடலோரமாக, 450 மீட்டர் நீளத்துக்குத் தேர்ப்பந்தயத் திடலும் பின்னால் வந்தது. விலங்கு வேட்டைக் காட்சிகள் லெப்டிஸில் எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்பதற்குச் சந்தையிலிருந்த ஒரு பீடமே சாட்சி: போர்ஃபிரியஸ் என்ற கனவான் பேரரசரின் சிறப்பு அனுமதி வாங்கி, உயிருள்ள தந்த விலங்குகள் நான்கை ஊர் மக்களுக்கு அளித்தார் என்று அதில் வெட்டியிருக்கிறது. யானையைத்தான் சொல்கிறார்கள். நான்கு யானைகளை ஊருக்குக் கொடுத்து, அதைக் கல்லிலும் எழுதி வைத்துக்கொண்ட மனிதர்!

பதவிப் பெயர்கள் கல்லில் மெல்ல மாறின. வெஸ்பாசியன் காலத்தில் லெப்டிஸ் முனிசிபியம் என்ற ரோமானிய நகரத் தகுதியைப் பெற்றது. 109–110இல் டிராஜன் அதற்கு இன்னும் உயர்ந்த கொலோனியா தகுதி கொடுத்தார். ஊர் முழுவதற்கும் ரோமானியக் குடியுரிமை. அன்று சுஃபேத்தாக இருந்தவர்களில் ஒருவர் லூசியஸ் செப்டிமியஸ் செவரஸ். புதிய ஏற்பாட்டில் அவரே முதல் துவோவிர், அதாவது ரோமானிய முறையிலான இரட்டைத் தலைவர்களில் ஒருவர், ஆனார். நாற்காலி அதே, ஆளும் அதே, பெயர்ப்பலகை மட்டும் லத்தீனுக்கு மாறியது. இவருடைய பேரனைச் சற்று நேரத்தில் சந்திப்போம்.

ஊர் பெரிதானதும் தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்துவைத்துக் குடித்தவர்களுக்கு ரோமானியக் குளியல் ஆசை வந்துவிட்டால் தொட்டி எந்த மூலைக்கு? 119–120இல் குவின்டஸ் செர்விலியஸ் காண்டிடஸ், தண்ணீரைத் தேடி, மேலேற்றி, தன் செலவில் நகருக்குள் கொண்டுவந்தார். கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வாடி காம் ஆற்றுநீர் அது. தண்ணீர் வந்த சூட்டோடு ஹாட்ரியன் ஆட்சியில் பெரிய பொதுக் குளியலகம் எழுந்தது. அதன் குளிர்நீர்க் கூடம் மட்டும் 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். கிரேக்கத்தின் யூபோயா தீவிலிருந்து வந்த, பச்சை வரியோடிய பளிங்குத் தூண்கள் கூரையைத் தாங்கின. கூடத்தின் இரு புறமும் படியிறங்கிக் குளிக்கும் தொட்டிகள். மூலையில் பொதுக் கழிப்பிடம்: சுவரை ஒட்டிப் பளிங்கு இருக்கைகள், வரிசையாகத் துளைகள், நடுவே மறைப்பு எதுவும் கிடையாது. அக்கம்பக்கம் பேசிக்கொண்டே காரியத்தை முடித்துக்கொண்டு போவார்கள். கீழே ஓடும் நீர் கழிவை அடித்துப் போய்விடும்.

இந்தக் குளியலகத்தோடு பளிங்கு மோகம் பிடித்தது. அதுவரை லெப்டிஸ் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல் ஊர். ராஸ் அல்-ஹம்மாம் குன்றிலிருந்து வெட்டிவந்த பழுப்பு, தேன் நிறக் கல். கெட்டியானது, வெயிலுக்கு அழகானது, பழைய அரங்கும் சந்தையும் அதில்தான். இப்போது மர்மரா கடலிலிருந்து, ஏதென்ஸ் பக்கத்திலிருந்து என்று கப்பல் கப்பலாகப் பளிங்கு இறங்கியது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில், இரண்டு பேர் உயில் எழுதிவைத்துப்போன பணத்தில் நாடக அரங்கின் மேடைச்சுவர் பளிங்கும் தூணுமாக மூன்று அடுக்கில் புதிய வேஷம் கட்டிக்கொண்டது.

பிறகு வந்தது அந்தப் பேரன் காலம். தாத்தாவின் பெயரையே சுமந்த லூசியஸ் செப்டிமியஸ் செவரஸ் 145இல் லெப்டிஸில் பிறந்தவர், 193இல் ரோமின் பேரரசர் ஆனார். ஆப்பிரிக்காவிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் மனிதர். அவருக்கும் பிறந்த ஊருக்கும் இருந்த உறவைப்பற்றி இரண்டு கதைகள் உண்டு. இரண்டையும் சொல்வது 'ஹிஸ்டோரியா அகஸ்டா' என்ற, கைகூசாமல் கலப்படம் செய்த ஒரு நூல் என்பதால் கவனமாகவே கேட்கவேண்டும். ஆப்பிரிக்காவில் உதவி ஆளுநராக இருந்தபோது சொந்த ஊர்க்காரர் ஒருவர் பழைய தோழமையில் கட்டித் தழுவ, செவரஸ் அந்த ஆளைப் பிரம்பால் அடிக்கச் சொன்னாராம். பேரரசரான பிறகு லெப்டிஸிலிருந்து சகோதரி வந்தார். அம்மாளுக்கு லத்தீன் சரியாக வாயில் நுழையவில்லை. சபையில் முகம் சிவந்த சகோதரர், பரிசுகள் கொடுத்து ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டாராம். நடந்ததோ இல்லையோ, லெப்டிஸின் நல்ல குடும்பங்களில்கூட வீட்டுமொழி பியூனிக்தான் என்று ரோமில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆட்களிடம் கூசியவர் கல்லிடம் கூசவில்லை. லெப்டிஸுக்கு இத்தாலிய நகரங்களுக்குரிய வரிவிலக்குக் கிடைத்தது. பிரதான சாலைகள் சந்திக்கும் இடத்தில் 203ஐ ஒட்டி நான்கு முக வளைவு ஒன்று எழுந்தது. படிக்கட்டின்மேல் நிற்கும் வளைவு. வண்டி எதுவும் அதன் வழியே போக முடியாது. நகரத்தின் மிக முக்கியமான நாற்சந்தியை அடைத்துக்கொண்டு நிற்கும் அலங்காரம்! அதன் சிற்பங்களில் செவரஸும் மூத்த மகன் கரகல்லாவும் கைகோத்து நிற்க, இளையவன் கெட்டா நடுவில் நிற்கிறான். குடும்ப ஒற்றுமை காட்சி. 211இல் தகப்பன் கண்ணை மூடிய அதே ஆண்டில் அண்ணன் தம்பியைக் கொன்றான்.

வளைவு வெறும் முன்னுரைதான். குளியலகத்திலிருந்து துறைமுகம்வரை சுமார் 400 மீட்டருக்கு இருபுறமும் தூண்கள் நிற்கும் அகலமான வீதி, அதன் தலைப்பில் ஒரு பெரிய நீரூற்று மண்டபம், பக்கத்தில் 100 மீட்டருக்கு 60 மீட்டர் அளவில் புதிய ஃபோரம், அதற்குள் செவரஸ் குடும்பத்துக்கான கோயில், அப்பால் நீதிமன்றக் கூடமாகிய பசிலிக்கா, முனையில் புதுப்பித்த துறைமுகமும் கலங்கரை விளக்கமும். எகிப்தின் அஸ்வானிலிருந்து செந்நிறக் கிரானைட் தூண்கள் நைல் வழியே இறங்கிக் கடல் தாண்டி வந்தன. சிற்பிகள் கிரேக்கக் கிழக்கிலிருந்து வந்தவர்கள். கற்களில் கிரேக்க எழுத்தில் தங்கள் அடையாளங்களைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஃபோரத்தைச் சுற்றிய தூண்களின் வளைவுகளுக்கு இடையே மெடூசா தலைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகபாவத்தில். பசிலிக்காவின் இரு முனைகளிலும் நிற்கும் சதுரத் தூண்களில் ஒரு பக்கம் ஹெர்குலிஸின் சாகசங்கள், மறுபக்கம் டயனைசஸின் திராட்சைக் கொடிகள். ரோமானியப் பெயர் எதுவானால் என்ன, பழைய மில்காஷ்டார்ட்டும் ஷத்ரபாவும்தான் அவர்கள். ஊர்க் காவல் தெய்வங்களைக் கிரேக்க உளியால் எகிப்துத் தூணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது பேரரசின் காசு.

கட்டடக்கலைஞர் ஒரு சங்கடத்தைச் சமாளித்த விதம் அருமை. காட்டாற்றுக்கும் பழைய தெருக்களுக்கும் நடுவே கிடைத்த மனை கோணலானது. பசிலிக்கா ஃபோரத்துக்கு இணையாக அமையவில்லை. நடுவே ஆப்புபோன்ற ஒரு மிச்சத் துண்டு. அந்தத் துண்டை அவர் கடைகளாலும் அறைகளாலும் நிரப்பினார். ஒரு முனையில் ஆழமான அறை, அடுத்தது கொஞ்சம் குறைவு, அதற்கடுத்தது இன்னும் குறைவு. உள்ளே நிற்பவர் கண்ணுக்கு எல்லாம் நேர்கோட்டில் இருப்பதுபோலவே படும். வரைபடத்தில் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

இந்தத் தூண்களில் சிலவற்றைப் பார்க்க லிபியாவுக்குப் போகவேண்டிய அவசியமும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் திரிப்போலியில் பிரெஞ்சுத் தூதராக இருந்த லெமேர் நூற்றுக்கணக்கான தூண்களைப் பிரான்ஸுக்கு ஏற்றினார். 1816இல் ஆங்கிலத் தூதர் வாரிங்டன் திரிப்போலி பாஷாவைச் சரிக்கட்டி இன்னொரு தொகுதியைக் கிளப்பினார். லண்டனில் எட்டாண்டு சும்மா கிடந்த அவற்றை 1826–27இல் வின்ட்சர் அரண்மனைப் பூங்காவின் ஏரிக்கரையில், கலை நயத்தோடு இடிந்ததுபோல அடுக்கி, 'அகஸ்டஸ் கோயில்' என்று பெயர் வைத்தார்கள். அசல் இடிபாட்டைப் பிரித்துப் போலி இடிபாடு. கப்பலில் ஏற்ற முடியாத மூன்று கிரானைட் தூண்கள் லெப்டிஸ் கடற்கரை மணலிலேயே இன்றும் கிடக்கின்றன.

பசிலிக்கா 216இல் கரகல்லா பெயரில் முடிந்தது. லெப்டிஸில் அதற்குப் பிறகு அந்த அளவில் ஒரு கட்டடமும் எழவில்லை. இதற்குப் பேரரசின் பொதுவான நெருக்கடிதான் காரணம் என்று பாடப்புத்தகம் சொல்லும், அதில் பொய்யில்லை. ஆனால் கல்வெட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. இரண்டு நூற்றாண்டாக இந்த ஊரைக் கட்டியது பெரிய வீடுகளின் போட்டி. பக்கத்து வீட்டுக்காரர் அரங்கு கட்டினால் நாம் கோயில் கட்டலாம். உலகின் மறுகோடியிலிருந்து கிரானைட் தருவிக்கும் பேரரசரோடு எந்த எண்ணெய் முதலாளி போட்டி போடுவார்? 500 ஆண்டுக்குப் போதுமான மண்டபமும் ஃபோரமும் ஒரே தலைமுறையில் வந்து இறங்கிவிட்டன. உபயம் செய்ய மிச்சம் வைத்தது சிலைகளும் பழுதுபார்ப்பும்தான்.

கொடுத்த கைக்கு நன்றிக்கடனும் இருந்தது. செவரஸ் ரோம் மக்களுக்கு நாள்தோறும் இலவச எண்ணெய் வழங்க ஏற்பாடு செய்தார். ஊர்ப்பிள்ளைக்காக லெப்டிஸ் மனமுவந்து அனுப்பிய எண்ணெய், செவரஸ் போய்ச் சேர்ந்த பிறகு நிரந்தரக் கடமையாக உறைந்துவிட்டது. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் அதை ரத்து செய்யும்வரை, நூறு ஆண்டுக்கும் மேல் அந்தப் பாரத்தை லெப்டிஸைச் சுற்றிய திரிப்போலித்தானியா வட்டாரம் சுமந்தது. சீசர் தண்டமாக வாங்கியதை செவரஸ் அன்பளிப்பாக வாங்கினார். மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

363ஐ அடுத்த ஆண்டுகளில் ஆஸ்துரியானி என்ற பாலைவனக் குடியினர் லெப்டிஸின் புறநகர் மேல் பாய்ந்தார்கள். தங்கள் ஆள் ஒருவனை ரோமானியர் உயிரோடு எரித்ததற்குப் பழி. தோட்ட மாளிகைகள் எரிந்தன, குடியானவர்கள் வெட்டுண்டார்கள். ஆப்பிரிக்கப் படைத்தளபதி ரோமானஸிடம் ஊர் ஓடியது. அவர் படையோடு வந்து சேர்ந்தார், வந்து ஒரு நிபந்தனை போட்டார்: ஏராளமான உணவுப்பொருளும் 4,000 ஒட்டகங்களும் தந்தால்தான் அடியெடுத்து வைப்பேன். எரிந்து கிடக்கும் ஊர் ஒட்டகத்துக்கு எங்கே போகும்? நாற்பது நாள் அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு அவர் திரும்பிப் போனார். வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செலினஸ் இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

கொள்ளைக்காரர்கள் மறுபடி வந்தார்கள், மூன்றாம் முறையும் வந்தார்கள். அந்த முறை மரங்களையும் திராட்சைக் கொடிகளையும் வெட்டிச் சாய்த்தார்கள். மிகோன் என்ற ஊர்ப்பெரியவர் தன் புறநகர் வீட்டில் மாட்டிக்கொண்டார். கால் நோயாளி, ஓட முடியவில்லை. வறண்ட கிணற்றில் குதித்து விலா எலும்பை முறித்துக்கொண்டார். அவரைத் தூக்கிக் கோட்டைவாசலுக்குக் கொண்டுவந்து விலை பேசினார்கள். மனைவி பணம் கொடுத்து மீட்க, கயிறு கட்டி மதில்மேல் இழுத்து ஏற்றினார்கள். இரண்டு நாளில் இறந்துபோனார்.

லெப்டிஸ் பேரரசர் வாலன்டினியனிடம் தூது அனுப்பி முறையிட்டது; அவர் விசாரணைக்குப் பலாடியஸ் என்ற அதிகாரியை அனுப்பினார். படைக்குச் சேரவேண்டிய சம்பளப் பணமும் அவர் கையில்தான். எரெக்தியஸ், அரிஸ்டோமெனஸ் என்ற இரண்டு லெப்டிஸ்காரர்கள் அவரை அழைத்துப்போய் அழிவைக் காட்டினார்கள். அவரும் கொதித்து, அரசரிடம் உண்மையைச் சொல்வேன் என்று ரோமானஸை மிரட்டினார். ரோமானஸ் நிதானமாகப் பதில் சொன்னார்: சம்பளப் பணத்தில் நீர் சுருட்டியதை நானும் சொல்வேன். விசாரணை அறிக்கை அதோடு முடிந்தது: லெப்டிஸ்காரர்களின் புகாரில் உண்மை இல்லை. தூது போனவர்களுக்கு மரண தண்டனை, வழிகாட்டிய இருவருக்கும் நாக்கை அறுக்கும்படி ஆணை. இருவரும் தலைமறைவாகித் தப்பினார்கள். உண்மை வெளிவரப் பல ஆண்டுகள் ஆயின. பலாடியஸ் கைதாகித் தூக்குப் போட்டுக்கொண்டார்.

அடுத்த நூற்றாண்டில் வண்டால்கள் வந்தார்கள், கூடவே மணல். பேரரசர் ஜஸ்டினியனின் படை கரையிறங்கியபோது நகரத்தின் பெரும்பகுதி மண்மேட்டின் கீழ் இருந்தது. புதைந்ததை அப்படியே விட்டுவிட்டு, மிச்சத்தைச் சுற்றிச் சிறிய மதில் ஒன்றை எழுப்பி, செவரஸின் பசிலிக்காவைத் தேவாலயமாக மாற்றினார்கள். அந்த மதிலையும், அதைக் கட்டச் சொன்ன பேரரசரின் ஆப்பிரிக்கக் கணக்கையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)